பிரபுவின் மனுசிக்கும் கொஞ்சம்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகர நூதனசாலையில், பழைய ஓவியங்கள் மாட்டிய மாடி அறையில் பின்னேர வெயில் நீளமாகக் கிடக்கிறது. வெளியே உலகக் கோப்பைக்காகக் கொடி கட்டிய கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகின்றன. காவலர் சீருடையில் நிற்கும் சிற்றம்பலம், கோயிலிலிருந்து நேரே வந்திருக்கும் மனைவி குணேஸ்வரிக்கு, சுவரிலிருக்கும் அயர்லாந்துப் பிரபுவின் ஓவியத்தைக் காட்டுகிறார். தோளில் புரளும் சுருள்முடி, சரிகைக் கழுத்துப்பட்டி, நித்திரை காணாத கண்கள். "இங்கிலாந்து ராசாவின்ரை தலையை வெட்டிப்போட்டாங்கள். இவர் இளவரசரோடை நாடு நாடாய் அலைஞ்சவர். காணி பூமியெல்லாம் பறிபோயிட்டுது. பிறகு இளவரசர் ராசாவாக, இவரும் திரும்பிப்போய்ப் பெரிய மந்திரியானவர்." சொந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல் அவர் குரல் குழைகிறது.

"மனுசி?" என்கிறாள் குணேஸ்வரி.

"அவ பிள்ளையளோடை ஊரிலை. காணியை மீட்க அலைஞ்சுகொண்டு, இவர் வருமட்டும் இருந்தவ."

சிற்றம்பலம் இங்கே அகதி மனுவோடு காத்திருந்த காலமெல்லாம், மானிப்பாய் வீட்டில் பிள்ளைகளோடு தனியே இருந்தவள் குணேஸ்வரி. அவள் கைப்பையிலிருந்து திருநீறு மடித்த காகிதச் சரையை எடுத்துப் பிரித்து, வழக்கம்போல் கணவரின் நெற்றியில் பூசுகிறாள். மிச்சம் ஒட்டிய விரல், பழக்க தோஷத்தில் பிரபுவின் நெற்றியை நோக்கியும் எழுகிறது.

"தொட ஏலாது, குணம்."

"அவருக்கு ஆர் பூசப்போறது? அவர் ராசாவோடை திரிஞ்ச மனுசன்." விரலை ஒருகணம் பார்க்கிறாள். "இது ஊரிலை காத்திருந்த அவவுக்கு" என்று, ஏற்கெனவே திருநீறு துலங்கும் தன் நெற்றியிலேயே இன்னொருமுறை பூசிக்கொள்கிறாள்.