முதல் அகப்பை

சங்கரபாண்டியன் பாத்திரக்கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட்ட பிறகுதான் செண்பகவல்லி தட்டை எடுப்பாள். அது சில நாள் ரெண்டரை, சில நாள் நாலு. இருபத்தெட்டு வருஷமாக அவள் கண்டது அடிப்பானைச் சோறுதான். அன்றைக்குப் பதினொன்றரைக்கே பசித்தது. வழக்கம்போலத் தண்ணீர் குடித்து அடக்கப் போனவள், செம்பை வைத்துவிட்டுப் பானையைத் திறந்தாள். யாரும் தொடாத சோறு, ஆவி வந்த துளைகளோடு அப்படியே இருந்தது. நட்ட நடுவில் அகப்பையை இறக்கினாள். கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, சோற்றில் குழி பறித்து ரசம் ஊற்றிப் பிசைந்தாள். விரல் சுட்டது. அந்தச் சூடு அவளுக்குப் புதிது.

நாலாவது வாய் எடுக்கையில் வாசலில் செருப்புச் சத்தம். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போன சங்கரபாண்டியன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அவளுடைய முழங்கால் தானாக எழப் பார்த்தது. இடது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“என்னட்டி இது? நான் இன்னும் சாப்பிடலயே.”

“எனக்குப் பசிச்சிட்டு.”

“எங்கம்மா ஒருநாளாவது இப்படி முந்திச் சாப்பிட்டிருப்பாளா?”

“அத்தைக்கும் பசிச்சிருக்கும். சொல்லியிருக்க மாட்டாங்க.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அதை ஏன் பாக்கீங்க? உங்களுக்குப் பசிக்கா?”

அவர் நின்று யோசித்தார். “இல்ல,” என்றார், தனக்கே அது செய்திபோல.

“அப்பம் பசிக்கும்போது போட்டுக்கிடுங்க. அகப்பை பானையிலதான் கெடக்கு.”

சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.