வைக்கோல் பெட்டிச் சோறு

“இந்தப் பெட்டிக்குள்ள சோறு வேகுதா, இல்லாட்டி நித்திரை கொள்ளுதா?”

குசினி வாசலில் நின்று வீரக்குட்டி கத்தினான். கையில் ஈர்க்கில் கோத்த பாரை மீன் ஆடிக்கொண்டிருந்தது.

“கையை எடுங்கோ. திறந்தா சூடு போயிடும்” என்றாள் அவன் மனைவி ராசமலர், முருங்கைக்கீரையை உருவியபடி.

கடைக்குத் தேயிலை வந்த பலகைப் பெட்டி அது. உள்ளே நெருக்கமாக வைக்கோல் அடைத்திருந்தாள். காலையில் மண்ணெண்ணெய் அடுப்பில் பானையை நன்றாகக் கொதிக்கவிட்டு, உடனே அடுப்பை அணைத்து, பானையை வைக்கோலுக்குள் புதைத்து, பழைய சேலையால் போர்த்தி மூடிவிடுவாள். மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். மத்தியானம் திறந்தால் அரிசியும் பயறும் கீரையும் கருவாட்டுத் தலையும் ஒன்றாகக் குழைந்து கிடக்கும். செலவு குறைவு, சத்துக் கூட என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தாவாம்.

மிஸ்ஸிக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டா. தினமும் தின்பவன் இவனல்லவா!

“மனிசன் விடியமுன்னம் போய், தோணி வலிச்சுக் களைச்சு வாறன். ஒரு சுடுசோறு, ஒரு பொரிச்ச மீன் இல்லை. நோயாளிக்குக் குடுக்கிற மாதிரி ஒரே கூழ்!”

“கூழ் எண்டாலும் பயறு கிடக்கு, கீரை கிடக்கு. உடம்புக்கு நல்லது.”

“என்ர உடம்புக்கு என்ன கேடு? சரி, ஒரு வாய் தேத்தண்ணியாவது வை.”

“காலமை குடிச்சனீங்கள்தானே. சும்மா சும்மா அடுப்பு மூட்ட ஏலாது.”

வீரக்குட்டிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஈச்சிலம்பற்றுக் கரை முழுவதும் அப்போது எண்ணெய்ப் பஞ்சம்தான். மிதிவெடிக்குப் பயந்து விறகுக்குக் காட்டுப் பக்கம் போக ஆளில்லை. சங்கக்கடையில் கூப்பனுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய்தான் அடுப்புக்கும் விளக்குக்கும் படகு எஞ்சினுக்கும். அவனுடைய எஞ்சின் முற்றத்துப் பூவரசடியில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. ஆழக்கடலுக்குப் போக வழியில்லாமல், தோணியை வலித்துக்கொண்டு கரையோரம் சுற்றி வந்தான்.

“எங்களுக்கு வாற எண்ணெய்தானே பக்கத்து வீட்டுக் கதிராமனுக்கும் வருது? அவன்ர வீட்டில மூண்டு நேரமும் அடுப்பு எரியுது. இஞ்ச அடுப்பும் எரியேல்ல, பொழுதுபட்ட உடன விளக்கையும் நூத்துப்போடுறாய். அப்ப எங்க போகுது எண்ணெய்?”

“சிலவாகுது.”

“எதுக்குச் சிலவாகுது?”

அவள் கீரையை ஒதுக்கி வைத்தாள். எழுந்து மீனை வாங்கக் கை நீட்டினாள்.

“தாங்கோ, துண்டு போட்டு நாளைக்குப் பானையோட அவிப்பம்.”

“பாரையைக் கூழுக்குள்ள போடப்போறியா!”

அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. “நீ ஒண்டும் செய்யவேண்டாம். நானே கல் வைச்சு நெருப்பு மூட்டிப் பொரிக்கிறன்” என்று மீனைச் சுளகில் எறிந்துவிட்டு, குசினி மூலையில் மழைக்காலத்துக்கென்று அவள் குவித்து வைத்திருந்த தேங்காய்ப் பொச்சுமட்டைகளை வாரி இழுத்தான்.

“அதில கைவைக்காதேங்கோ!”

அவள் குரல் மாறியதும் அவன் இன்னும் வேகமாக இழுத்தான். மட்டைகள் சரிந்தன. அடியில் சாக்கால் சுற்றிய பெரிய பிளாஸ்டிக் கான் ஒன்று இருந்தது. மூடியைத் திருகினான். குசினியெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். கழுத்துவரை நிரம்பியிருந்தது.

மூடியைக் கையில் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினான்.

“அடி கள்ளி! ஆருக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறாய்? உன்ர அண்ணருக்கு அனுப்பவோ? நான் கை கொப்பளிக்கத் தோணி வலிக்கிறன், நீ இஞ்ச எண்ணெயைப் பூட்டி வைச்சுக்கொண்டு எனக்குக் கூழ் ஊத்திறாய்!”

“சொல்லுறதைக் கேளுங்கோ...”

“கேட்டது காணும். நாளைக்கு நான் ஆழத்துக்குப் போறன்.”

கானைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான். எஞ்சினில் கிடந்த சாக்கை உதறி எறிந்தான். எண்ணெய்த் தாங்கியின் மூடியைக் கழற்றிக் கானைச் சரித்தான். ராசமலர் ஓடவில்லை, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி மெல்ல நடந்து வந்து, மற்றக் கையால் தாங்கியின் வாயைப் பொத்தினாள். சிந்திய எண்ணெய் அவள் விரல்களை நனைத்தது.

“கையை எடு!”

“எடுக்கமாட்டன். ஒரு சொட்டும் மீனுக்குக் குடுக்கமாட்டன்.”

“பின்ன ஆருக்கு?”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தாலும் கை அசையவில்லை.

“போனமுறை பிள்ளைநோவு கண்ட நேரம் றோட்டைப் பூட்டிப்போட்டாங்கள் எண்டு என்னைக் கடலால கொண்டுபோனீங்கள். அரைவழியில எண்ணெய் முடிஞ்சு, தோணிக்குள்ளயே பிள்ளையைப் பறிகுடுத்தம்” என்றாள். “நாலு மாசம் தாண்டட்டும் எண்டுதான் இவ்வளவு நாளும் உங்களுக்குச் சொல்லேல்ல. ஐப்பசிக்கு எண்டு மிஸ்ஸி நாள் சொல்லியிருக்கிறா. இந்தப் பிள்ளை திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியிலதான் பிறக்கவேணும்.”