நெறம் ஏத்தின படம்

"இது வாணாம்பா."

யுவஸ்ரீ படத்தக் குப்புறத் திருப்பி மேஜைமேல வெச்சுட்டா.

பத்தாவது படிக்கிற பொண்ணு. ரெண்டு வாரம் முன்னாடி அம்மா செத்துப்போச்சு. நாளைக்கு காரியம். மாலை போட்டு வெளக்கேத்தறதுக்கு படம் பெருசு பண்ணக் குடுத்திருந்தாங்க. அத வாங்கத்தான் அப்பா பச்சையப்பனோட கனகம்மாசத்திரத்துலேர்ந்து பஸ்ஸேறி திருத்தணிக்கு வந்திருந்தா.

ஸ்டுடியோக்காரர் சிங்காரத்துக்கு இது புதுசு இல்ல. பெத்த தாய கண்ணாடிக்குள்ள பாத்தா எந்தப் புள்ளைக்கும் மனசு ஆறாது.

அவரு படத்த நிமித்தினாரு. துண்டால கண்ணாடியத் தொடச்சாரு.

"நல்லா பாரு கண்ணு. உங்கம்மா எவ்ளோ லட்சணமா இருக்குது."

சொல்லும்போதே அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. அது அவரே எடுத்த படம். பதினேழு வருஷம் முன்னாடி, எம்பத்தஞ்சுல.

அப்ப இந்தப் பொண்ணோட அம்மா சுலோச்சனாவக் கூட்டிகினு அதோட நைனா வந்திருந்தாரு. மாப்ள வீட்டுக்கு மொதல்ல போட்டோதான் போவும். அது புடிச்சாத்தான் ஆளு வரும். பொண்ண உள்ள உக்கார வெச்சுட்டு அந்த மனுஷன் சிங்காரத்த வாசலுக்குத் தள்ளிகினு வந்து, "பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மி. நீதான் பாத்து பண்ணணும்"னு கையப் புடிச்சுகினாரு.

சிங்காரம் பாத்துதான் பண்ணாரு.

மொகத்துல, கழுத்துல, கையில பவுடர். கிட்டக்க ரெண்டு லைட்டு. அப்பறம் பிலிம கழுவி எடுத்து, மொகம் வர்ற எடத்துல மட்டும் பென்சிலால மெல்ல மெல்ல தேய்ச்சாரு. பிலிமுல அங்க கருப்பானா, படத்துல அங்க வெளுக்கும். அதான் தொழில்.

ஊர்ல சொல்லுவாங்க, சிங்காரம் லைட்டுக்கு முன்னாடி அடுப்புக்கரிய வெச்சாலும் பிச்சிப்பூவா வெளிய வரும்னு. எத்தினி பொண்ணுங்க அந்த ஸ்டூல்ல உக்காந்து கரையேறி இருக்குதுங்க! அவருக்கு அது புண்ணியக் கணக்கு. சுலோச்சனாவும் அதுல ஒண்ணு.

"வேற போட்டோ போட்டுக் குடுங்க மாமா," யுவஸ்ரீ கேட்டா. "இது எங்கம்மா இல்ல."

சிங்காரம் சிரிச்சு சமாளிச்சாரு. "வேணும்னா கொஞ்சம் டார்க்கா போட்டுத் தரட்டா?"

வாயி சொல்லிடுச்சு. ஆனா அவருக்குத் தெரியும். இருட்டாக்கினா எல்லாம் சேந்து இருட்டாவும். சேலை, செவுரு, கண்ணோட வெள்ள, எல்லாம். மொகத்துல மசி பூசின மாதிரி இருக்கும். பவுடருக்குக் கீழ இருந்த மொகம் பிலிமுலயே ஏறல. இல்லாதத எங்கேர்ந்து கொண்டாரது?

பச்சையப்பன் பக்கம் திரும்பினாரு. "வேற எதுலயாவது நின்னுருக்குமே? கல்யாணத்துல?"

"மலமேல தாலி கட்னோம்ங்க. போட்டோ எல்லாம் வெக்கல."

"காதுகுத்து, கீதுகுத்து?"

"இல்லீங்க."

"எலெக்‌ஷன் கார்டு இருக்குமே? பள்ளிக்கூடத்துல உக்கார வெச்சு எடுத்தாங்களே."

"அன்னிக்கு வெடிகாலையிலயே கழனிக்குப் போயிட்டா. எவ்ளோ கூப்ட்டும் வரல."

"அதென்னய்யா, அப்பிடி என்னா பயம் போட்டோன்னா?"

பச்சையப்பன் செருப்பப் பாத்துகினு நின்னாரு.

யுவஸ்ரீதான் பேசினா.

"இந்தப் படத்த எங்கப்பாவப் பெத்த ஆயா கூடத்துலயே மாட்டி வெச்சிருந்துது. வீட்டுக்கு யாரு வந்தாலும் காட்டும். 'இவளத்தான் கேட்டோம். படத்த மட்டும் பாத்து ஊரக் கூட்டிகினு தட்டு மாத்தப் போனா, இந்தக் கரிக்கட்டை வந்து நின்னா. போட்டோக்காரன் எங்க தலையில மொளகா அரைச்சுட்டான்'னு. எங்கம்மா காபி எடுத்துகினு வரும்போதே சொல்லும். வந்தவங்க படத்தப் பாப்பாங்க, எங்கம்மாவப் பாப்பாங்க, சிரிப்பாங்க."

"ஏய், சும்மா இரு," பச்சையப்பன் அதட்டினாரு. அதட்டல்ல சத்தமே இல்ல.

"நீயும்தான் சிரிச்ச."



யுவஸ்ரீ கண்ணாடிமேல விரல வெச்சா. அழல.

"இவ இருந்ததாலதான் எங்கம்மா எந்தப் படத்துலயும் நிக்கல. இப்ப செத்தது எங்கம்மா. மாலைய ஏன் இவளுக்குப் போடணும்?"

சிங்காரம் ஏதோ சொல்ல வாயத் தொறந்தாரு. அந்தப் போட்டோக்காரன் நாந்தாம்மான்னு சொல்லணும். படத்தத்தான் தன் பக்கம் இழுத்துகினாரு.

பச்சையப்பன் துண்டால மூஞ்சியத் தொடச்சுகினாரு. "வெளக்கு மட்டும் வெச்சிக்கிறோம்ங்க"ன்னாரு. படத்த எடுக்கல.

ரெண்டு பேரும் படியெறங்கினாங்க.

சிங்காரம் படத்தக் கையில வெச்சுகினு அப்பிடியே உக்காந்தாரு. அன்னிக்கு பவுடர் போடறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு இதே எடத்துல கா மணி நேரம் உக்காந்திருந்துச்சு. லைட்டப் பாத்து கண்ணு கூசுதுண்ணான்னு சொல்லிச்சு. கொரல் ஞாபகம் இருக்குது. மொகம்?

கண்ண மூடினாரு. எவ்ளோ யோசிச்சாலும் அவரு தேய்ச்ச மொகம்தான் வந்து நிக்கிது.

யுவஸ்ரீக்கு அம்மா ஜாடையோ என்னவோ. ஒரு தடவையாவது அவ மொகத்த சரியா பாத்திருக்கலாம்னு தோணிச்சு. எழுந்து வாசலுக்கு ஓடினாரு.

பஸ்ஸ்டாண்டு பக்கம், கூட்டத்துல, அப்பாவுக்கு நாலடி முன்னாடி அவ போய்கினு இருந்தா.

திரும்பவே இல்ல.