அப்பா விட்டுப்போன பங்கு

“அப்பா இதையும் அவனுக்கேதான் கொடுத்துட்டுப் போனாரா?”

பிஷ்கேக் இதய மருத்துவமனையில் ஸ்கேன் முடிந்து வெளியே வந்த பெர்மெத் இப்படிக் கேட்டதும், தம்பி மனைவி நுரிலாவுக்குச் சுருக்கென்றது.

“என்ன பேச்சு அண்ணி இது? உங்க இதயம் நல்லா இருக்கு. அவருக்கு வந்திருக்கிறது நோய். இதுக்குக்கூடவா பொறாமை?”

பொறாமைதான். அது பெர்மெத்துக்கே தெரியும்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்பா சகின்பாய் குதிரை ஏறினால் முன்னால் தம்பி எர்மெக் உட்கார்ந்திருப்பான். விருந்தில் ஆட்டுத்தலையின் காதை அறுத்து, செல்லப்பிள்ளைக்கு என்று அவனுக்குத்தான் நீட்டுவார். வருகிறவர்களும் அவன் மூக்கைப் பார்த்து, அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்பார்கள். அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்பா அவளை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. ஆனாலும் அவள் உள்ளுக்குள் புழுங்கினாள்.

ஒரு கோடையில் மலை மேய்ச்சலுக்குப் போன அப்பா, குதிரையிலிருந்து சரிந்து அங்கேயே இறந்துபோனார். இப்போது எர்மெக்கும் மயங்கி விழுந்தான். இதயத் தசை தடித்துக்கொண்டே போகிற பரம்பரை நோய் என்றார்கள். அம்மாவையும் அக்காவையும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். பெர்மெத்தான் முதலில் கையை நீட்டினாள்.

ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் ஜீபெக், பெர்மெத், எர்மெக், நுரிலா மூவரையும் உள்ளே அழைத்தார்.

“மனசைத் தேத்திக்கங்க, பெர்மெத். உங்க தம்பிகிட்ட இருக்கிற அதே பழுதான மரபணு உங்ககிட்டயும் இருக்கு.”

பிறகு பொறுமையாக விளக்கினார். மரபணு ஒன்றாக இருந்தாலும், அதன் வேலையைக் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்ணிய துணுக்குகள் உடம்பில் உண்டு. எர்மெக்கிடம் அவற்றின் அளவு தாறுமாறாகி இருக்கிறது. அவளிடம் சரியாக இருக்கிறது. அவள் இதயம் தடிக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றார். வருஷா வருஷம் வந்து பார்த்துக்கொள்ளவும் சொன்னார்.

எர்மெக் பெருமூச்சு விட்டான். “நீ கொடுத்து வச்சவக்கா.”

முதல்முறையாக அவன் குரலில் பொறாமை இருந்தது. பெர்மெத் அதைக் கவனிக்கவே இல்லை.

“டாக்டர், இது அம்மா வழியா வந்திருக்குமா?”

“இல்லை. அம்மா ரத்தத்துல அந்தப் பழுது இல்லை. உங்க ரெண்டு பேருக்கும் இது அப்பாகிட்ட இருந்துதான் வந்திருக்கு.”

பெர்மெத் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நுரிலா பதறிப்போய் அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்க அண்ணி. ஒண்ணும் ஆகாது.”

“பயந்து அழல நுரிலா,” என்றாள் பெர்மெத்.

அவளை வயிற்றில் சுமந்துகொண்டுதான் அம்மா சகின்பாய்க்கு வாழ்க்கைப்பட்டாள், அவள் வேறொருவன் பிள்ளை என்று ஊர் அவள் காதுபடவே பேசிவந்ததெல்லாம் பொய் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.