நம்பகமான ஆன்ட்டிவைரஸ்

"சே, இதுவும் குப்பை!"

வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த மூன்றாவது இலவச ஆன்ட்டிவைரஸையும் கணவன் தூக்கினான்.

"ஏங்க, மூணும் ஒரே புரோகிராமைத்தானே ஆபத்துன்னு காட்டுச்சு?" என்றாள் மனைவி.

"ஓசியில வர்றதெல்லாம் அப்படித்தான். சும்மா பூச்சாண்டி காட்டும்."

எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, நான்காவதைப் போட்டான். 'உங்கள் கம்ப்யூட்டர் சுத்தமாக இருக்கிறது' என்று பச்சை எழுத்தில் வந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பியது.

"பாத்தியா? இதுதான் நம்பகமானது. இதையே வச்சுக்கலாம்."

"இது எதையுமே பிடிக்கலையேங்க?"

"இருந்தாத்தானே பிடிக்கும்!"

"அதுவும் சரிதான். நான் டைப் அடிக்கிறதையெல்லாம் உங்க செல்லுக்கு அனுப்ப நீங்க ஒளிச்சு வச்சிருந்த புரோகிராமை, நீங்க முகம் கழுவப் போனப்பவே நான் அழிச்சிட்டேனே!"