மரணப் பதிவேட்டில் ஒரு வரி

“அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுடும்மா.”

கிள்ளானில் தமிழ்ச் சங்கத்து மாடி அறைக்கு மூன்றாவது நாளாக வந்து அந்தப் பெரியவர் இதையே கேட்டார். மலர்விழிக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் வந்தது. டெங்கில் பக்கம் மூடிப்போன ரப்பர்த் தோட்டத்தின் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது அவள் வேலை. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தையும் விடு என்றால் எப்படி?

அவர் கைவைத்துக் காட்டியது 1958ஆம் ஆண்டு மரணப் பதிவு. இராமலிங்கம் த/பெ சபாபதி, வயது இரண்டு, காய்ச்சல். அவருடைய அண்ணனாம். அண்ணன் போன மறுவருஷம்தான் இவர் பிறந்தாராம். அந்த வரியிலேயே விரலை வைத்தபடி கேட்டார்.

“இதை யாரு வேணும்னாலும் பாக்கலாமா?”

“பாக்கலாம் அங்கிள். கவர்மெண்ட் ஆபீஸ்லகூட பாப்பாங்க. அதுக்குத்தானே செய்றோம்.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார்.

முகம்கூடப் பார்த்திராத அண்ணனுக்காக இந்த வயதில் இப்படி உருகுகிறாரே என்று மலர்விழிக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் குழந்தை உலகத்தில் இருந்ததற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அதையும் ஒளித்துவைப்பது பெரிய பாவம் என்று தோன்றியது. மற்ற புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, மதியம் சாப்பிடக்கூடப் போகாமல், அந்தப் பக்கத்தை முதலில் ஏற்றினாள். பெயரைத் தட்டினால் உடனே கிடைக்கும்படியும் செய்தாள்.

மறுநாள் அவர் வந்ததும் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“உங்க அண்ணன் பேரு இனிமே அழியாது அங்கிள். யூனிவர்சிட்டிக்கும் ஒரு காப்பி போயிடுச்சு.”

அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். திரும்ப எடுக்க வழியில்லையா என்று கேட்டார்.

“போனது போனதுதான் லா.”

அவர் கண் கலங்கியது. துக்கம் தீர அழட்டும் என்று மலர்விழி அச்சு இயந்திரத்தில் காகிதம் வைக்கப் போனாள். பிறகு, அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தருவதாகவும், வாங்குகிறவர் விவரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி ஐ.சி.யை, அடையாள அட்டையை, கேட்டாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார். மலர்விழி பெயரைப் படித்தாள். இராமலிங்கம் த/பெ சபாபதி. பிறந்த வருஷம் 1956.

“நான் பொறந்ததை யாரும் பதியலம்மா. செத்துப்போன அண்ணனோட பொறப்புப் பத்திரத்தைத்தான் அப்பா எனக்குக் கொடுத்தாரு. என் பிள்ளைங்களுக்கு ஐ.சி. கெடைச்சதும் அதை வெச்சுத்தான்.”