மூன்றாம் மாடிப் பயறு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்றே விழட்டும்.

என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து பதினோரு நாள். சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

கஞ்சி வேண்டாம். இட்லி வேண்டாம். பேச்சும் வேண்டாம்.

இப்படியே போனால் திரும்பவும் சேர்க்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். முளைகட்டின பயறாவது கொடுத்துப் பாருங்கள் என்றார்.

நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் நான் அடுப்படிக்குப் போனது தண்ணீர் குடிக்க மட்டும். டப்பாக்களைத் திறந்தேன். பயறு மாதிரித் தெரிந்ததை ஊறப்போட்டேன். மாலையில் கிண்ணத்தோடு கொண்டுபோய்க் காட்டினேன்.

இரண்டை எடுத்து விரலில் உருட்டினாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி. ஈரத்துணியில கட்டித் தொங்க விடுங்க."

வீடு வந்தபின் அவள் முதன்முதலாக முழுதாகப் பேசியது அதுதான்.

பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.

மறுநாள் காலை, எவ்வளவு முளைத்திருக்கிறது என்று கேட்டாள்.

போய் முடிச்சைப் பிரித்துப் பார்த்தேன். வந்து உள்ளபடி சொன்னேன். அரை விரல்.

மூன்றாம் நாள் முளைகள் கம்பி வழியாக வெளியே போய்விட்டன.

நாலாம் நாள் கீழ்வீட்டு ஜெசிந்தா அதில் துணி காயப்போட்டாள். ஈரப் போர்வை இரண்டு. தாங்கியது.

ஆறாம் நாள் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் அதைப் பிடித்துக்கொண்டே மூன்று மாடியும் ஏறினார். படிக்கட்டுக்கு இது எவ்வளவோ தேவலை என்றார். படி ஏறியே முட்டி தேய்ந்தவன் நான். முன்பே தெரியாமல் போயிற்று.

காலைதோறும் கட்டிலோரம் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்வேன். அவள் வாய் சிரிப்பில் லேசாகத் திறக்கும்.

திறந்த வாயில் ஒரு கரண்டி கஞ்சி.

முதல் நாள் ஒரு கரண்டி. நேற்று அரைக் கிண்ணம்.

இன்று முடியவில்லை. சமையல், துணி துவைப்பு, மருந்துக்கடை, மறுபடி படிக்கட்டு. உடம்பு அசந்துவிட்டது. நாக்கும்தான். கரண்டியைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கஞ்சி ஆடை கட்டியது.

அவள் மெதுவாகச் சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க. முளை போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போயிருச்சா?"

கேட்டுவிட்டு, தானாகவே வாயைத் திறந்தாள்.

போயிருச்சு என்றேன்.

நான் ஊறப்போட்டது உடைத்த பாசிப்பருப்பு. அது முளைக்காது.